பத்தில் ஒன்றும் கணிப்பொறியும்



தமிழகத்திலிருந்து பெயர்ந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளியில் கணிப்பொறிப் பாடம் படிக்கும் பிள்ளைகள் இன்று பலர் உளர். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் கணிப்பொறி அறிவியலைத் தேர்ந்தெடுப்போர் பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்கின்றனர். அத்தகைய பிள்ளை ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 0.1 என்னும் எண்ணையும் 0.2 என்னும் எண்ணையும் கூட்டுமாறு கணிப்பொறிக்குக் கட்டளையிடச் சொல்லுங்கள். விடை 0.3 என்று வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் திரையில் தோன்றுவது 0.30000000000000004 என்பதாகும்.

மூன்றாம் வகுப்புக் குழந்தை பிழையின்றிச் செய்யும் கூட்டலில், நொடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளை முடிக்கும் பொறி தவறலாமா? அந்தக் கடைசி 4 எங்கிருந்து வந்தது? அதை நீக்கித் துல்லியமான பின்னத்தைப் பெற வழி உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். இதற்குப் பெரிய கணிதப் பயிற்சி வேண்டியதில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்த கீழ்வாயிலக்கமே போதும்.

கீழ்வாயிலக்கம் என்பது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளின் வாய்பாடு. ஒன்றைப் பாதியாக்கினால் அரை. அரையைப் பாதியாக்கினால் கால். காலைப் பாதியாக்கினால் அரைக்கால். அதனையும் பாதியாக்கினால் வீசம். மாகாணி என்று வழங்குவதும் இந்தப் பதினாறில் ஒரு பங்கே. இவையெல்லாம் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே செல்வதால் கிடைப்பவை. இவற்றோடு வேறொரு வரிசையும் உண்டு. இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. இந்த இரண்டாம் வரிசை வெறும் பாதியாக்கலால் கிடைப்பதன்று. எங்கேனும் ஓரிடத்தில் ஐந்தாகவும் பங்கிட வேண்டும். முந்நூற்றிருபது என்பது அறுபத்து நான்கை ஐந்தால் பெருக்கிய தொகை அன்றோ? இவ்விரு வரிசைகளின் வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கணிப்பொறியின் மருமம் முழுவதும் இங்கேதான் அடங்கியுள்ளது.

வட இந்தியச் சந்தைகளில் காய்கறி வாங்கும் நேயர்கள், பாவ், ஆதா, சவா, டேட் என்னும் சொற்களை நாள்தோறும் கேட்கின்றனர். கால், அரை, ஒன்றேகால், ஒன்றரை என்பனவே அவை. கிராம் கணக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும், வணிகரின் நாவில் பாதியாக்கும் பழக்கம் நிலைத்திருக்கிறது. கணிப்பொறியும் அந்தச் சந்தை வணிகரைப் போன்றதே. அதற்குத் தெரிந்த பங்கீடு பாதியாக்கல் ஒன்றுதான்.

இதனை விளக்குமுன், பள்ளியில் நாம் கற்ற தசமக் கணக்கை ஒரு முறை நோக்குவோம். எட்டில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.125 என்று முடிந்துவிடுகிறது. மூன்றில் ஒன்றை எழுதினாலோ 0.3333 என்று முடிவின்றி ஓடுகிறது. காரணம் யாது? தசமம் பத்தை அடியாகக் கொண்டது. பத்து என்பது இரண்டும் ஐந்தும் பெருகிய எண். ஆகவே, சுருக்கிய பின்னத்தின் பகுதியில் இரண்டும் ஐந்தும் மட்டுமே காரணிகளாக இருந்தால் அப்பின்னம் தசமத்தில் முடிவுறும். மூன்றோ ஏழோ கலந்திருந்தால் முடிவுறாது. பின்னத்தின் கோட்டிற்கு மேலுள்ள எண்ணைத் தொகுதி என்றும், கீழுள்ள எண்ணைப் பகுதி என்றும் வழங்குகிறோம் என்பதை நேயர்கள் அறிவர்.

கணிப்பொறிக்கு அடி பத்தன்று, இரண்டு. அதன் உள்ளே 0, 1 என்னும் இரண்டே குறிகள் உள்ளன. எனவே பகுதியில் இரண்டு மட்டும் காரணியாக உள்ள பின்னங்களே அதற்கு முடிவுறும். அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை அதனிடம் பிழையின்றி அமைகின்றன. மா, காணி, முந்திரி ஆகியவை அமைவதில்லை. அவற்றில் ஐந்து கலந்துள்ளது. பத்தில் ஒன்றிலும் ஐந்து கலந்துள்ளது. ஆகவே நமக்கு 0.1 என்று எளிதாக முடியும் எண், கணிப்பொறிக்கு, நமக்கு மூன்றில் ஒன்று எப்படியோ அப்படியே முடிவற்றதாகிறது.

இதைத் தராசு ஒன்றில் நிறுத்துப் பார்ப்போம். ஒரு கிலோவைப் பாதி பாதியாக வெட்டிச் செய்த எடைக்கற்கள் மட்டுமே நம்மிடம் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு எடையிலும் ஒரே ஒரு கல். நாம் நிறுக்க வேண்டியது 100 கிராம். 500, 250, 125 கிராம் கற்கள் மிகை. 62.5 கிராம் கல்லை இடுகிறோம், இன்னும் 37.5 கிராம் வேண்டும். அடுத்த 31.25 கிராம் கல்லையும் இடுகிறோம், 6.25 கிராம் குறைகிறது. அடுத்த இரு கற்களும் மிகையாதலால் தள்ளிவிட்டு, 3.90625 கிராம் கல்லை இடுகிறோம். இப்போது குறைவது 2.34375 கிராம். இந்தக் குறை, முன்னர்க் கண்ட 37.5 கிராம் குறையில் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. அதாவது, தொடங்கிய இடத்திற்கே சிறிய உருவில் திரும்பி வந்துவிட்டோம். இனியும் இரு கற்களை இட்டு, இரு கற்களைத் தள்ளி, மீண்டும் இரு கற்களை இட்டு என்று எத்தனை காலம் நிறுத்தாலும் தராசு சமநிலைக்கு வாராது. 

முடிவற்றதை முடிவுள்ள இடத்தில் வைக்க வேண்டுமாயின், எங்கேனும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கு 1985ஆம் ஆண்டில் ஒரு பொது நெறி வகுக்கப்பட்டது. மின்னியல் பொறியாளர் கழகம் வெளியிட்ட 754 என்னும் எண்ணுடைய அந்த நெறியையே இன்று ஏறக்குறைய எல்லாக் கணிப்பொறிகளும் பின்பற்றுகின்றன. அதன்படி ஓர் எண்ணுக்கு 64 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. குறைகுறியா மிகைகுறியா என்பதற்கு ஓரிடம். புள்ளி எங்கே நிற்கிறது என்பதைக் காட்ட 11 இடங்கள். எண்ணின் உருவத்திற்கு 52 இடங்கள். உருவத்தின் முதல் இலக்கம் வழக்கமாக 1 ஆகவே இருக்கும் என்பதால் அதனை எழுதாமலே கொண்டு, 53 இலக்கத் துல்லியம் பெறுகின்றனர். புள்ளி ஓரிடத்தில் நிலைத்து நில்லாமல் எண்ணின் அளவுக்கேற்ப இடம் பெயர்வதால், இவ்வகை எண்ணுக்கு மிதவைப்புள்ளி எண் என்று பெயர்.

ஆகவே நாம் 0.1 என்று தட்டியவுடன் கணிப்பொறி தன் தராசில் 53 இலக்கம் வரை நிறுத்து, மிக அருகிலுள்ள எடையை வைத்துக்கொள்கிறது. அவ்வாறு வைத்துக்கொண்டதும் ஒரு பின்னமே. அதன் தொகுதி 3602879701896397, பகுதி 36028797018963968. இப்பகுதி இரண்டின் 55ஆம் அடுக்காகும். இது பத்தில் ஒன்றுதானா என்று சோதிப்பது எளிது. தொகுதியைப் பத்தால் பெருக்கினால் பகுதி வர வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 36028797018963970 வருகிறது. பகுதியைவிட 2 மிகுதி. பதினேழு இலக்க எண்ணில் இரண்டே இரண்டு மிகுதி! பிழை அத்துணைச் சிறியது. எனினும் அது பிழைதான்.

இப்போது கூட்டலுக்கு வருவோம். எல்லாவற்றையும் மேற்சொன்ன அதே பகுதியில் வைத்துத் தொகுதிகளை மட்டும் ஒப்பிடுவோம். கணிப்பொறி வைத்துள்ள 0.1ஐயும் 0.2ஐயும் ஒழுங்காகக் கூட்டினால் தொகுதி 10808639105689191 ஆகும். ஆனால் அந்த அளவுக்கு அருகில், 53 இலக்கங்களுக்குள் இரட்டைப்படை எண்களை மட்டுமே தொகுதியாக வைக்க இயலும். எனவே 190இல் முடிவதா, 192இல் முடிவதா என்னும் நிலை ஏற்படுகிறது. இரண்டும் சம தொலைவு. இத்தகைய சமநிலையில் எப்பக்கம் சாய வேண்டும் என்று நெறி கூறியுள்ளபடி, கணிப்பொறி 192இல் முடிவதைக் கொள்கிறது. நாம் நேராக 0.3 என்று தட்டினால் அது வைத்துக்கொள்வதோ 190இல் முடியும் தொகுதியை. ஆகவேதான் இரண்டும் சமமல்ல என்று கணிப்பொறி சாதிக்கிறது. அதன் அளவில் அது கூறுவது உண்மையே. கடைசி 4இன் வரலாறு இதுதான்.

இத்துணைச் சிறு பிழையால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது, பிப்ரவரி 25ஆம் நாள், சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நேர்ந்ததை இங்கே கூற வேண்டும். வரும் ஏவுகணைகளை வானிலேயே தடுப்பதற்காக அங்கே பேட்ரியட் என்னும் அமெரிக்கத் தற்காப்புப் பொறி நிறுவப்பட்டிருந்தது. அதன் கடிகாரம் நொடியில் பத்தில் ஒரு பங்கை ஓர் அலகாக எண்ணி வந்தது. அந்த எண்ணிக்கை முழு எண், அதில் பிழையில்லை. அதனை நொடியாக மாற்றுவதற்குப் பத்தில் ஒன்றால் பெருக்கினர். அந்தப் பத்தில் ஒன்று 24 இருமக் குறிகளுக்குள் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. வெட்டியதால் குறைந்தது ஏறத்தாழ 0.000000095 மட்டுமே. ஆனால் பொறி இடைவிடாது சுமார் 100 மணி நேரம் இயங்கிவிட்டது. 100 மணி நேரத்தில் பத்தில் ஒரு நொடிகள் 36 இலட்சம். சிறு குறை 36 இலட்சம் மடங்காகப் பெருகி, நொடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளர்ந்தது. அந்நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பொறி வானில் தவறான இடத்தை நோக்கியது. ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த பாசறையில் விழுந்தது. 28 வீரர்கள் மாண்டனர். திருத்திய நிரல் அங்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

அப்பொறியில் இருந்தது மிதவைப்புள்ளி அன்று, நிலைப்புள்ளிக் கணக்கு. ஆயினும் நோய் ஒன்றே. எண்ணிக்கை துல்லியமாக இருந்தது. அதனை அளவாக மாற்றிய பத்தில் ஒன்று துல்லியமாக இல்லை. பிழை சிறிது என்பது மட்டும் ஆறுதல் ஆகாது. அது எத்தனை முறை திரும்பத் திரும்பக் கூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு மக்களும் இத்தகைய ஒரு சிக்கலைக் கடைத்தெருவிலேயே கண்டுள்ளனர். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயாபைசாவாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா ஆறேகால் நயாபைசாவுக்குச் சமம். ஆனால் கால் நயாபைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை வகுக்கப்பட்டது. நான்கு அணாவை ஒன்றாக மாற்றினால் 25 நயாபைசா. ஒவ்வோர் அணாவாக நான்கு முறை மாற்றினால் 24 மட்டுமே. ஒரு நயாபைசா எங்கே போயிற்று? முழுமையாக்குவதை ஒரு முறை செய்யாமல் நான்கு முறை செய்ததால் போயிற்று. இதில் ஒரு விந்தையும் உண்டு. அணா என்பது ரூபாயில் வீசம். கணிப்பொறியால் அதனைப் பிழையின்றி வைக்க முடியும். பைசா என்பது நூறில் ஒன்று. அதனை வைக்க முடியாது.

இனி, துல்லியமான பின்னத்தைப் பெறும் வழிகளைக் காண்போம். பைத்தான் மொழியில் பின்னங்களுக்கென்றே ஃபிராக்‌ஷன் என்னும் ஓர் எண்வகை, 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 2.6, 3.0 ஆகிய பதிப்புகள் முதல் இடம்பெற்றுள்ளது. அது தொகுதியையும் பகுதியையும் இரு முழு எண்களாக வைத்துக்கொள்கிறது. எப்போதும் பொதுக் காரணிகளை நீக்கிச் சுருக்கியே வைக்கிறது. பைத்தானில் முழு எண்ணுக்கு வரம்பிட்ட நீளம் இல்லை. ஆகவே பின்னக் கணக்கில் எதுவும் வெட்டுண்டு போவதில்லை. இந்த எண்வகைக்குள் நுழைய வாயில்கள் பல உள. எவ்வாயிலில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

முதல் வாயில், மிதவைப்புள்ளி எண்ணையே அப்படியே கொடுத்தல். 0.1ஐ இவ்வாறு கொடுத்தால், மேலே கூறிய பதினாறு இலக்கத் தொகுதியும் பதினேழு இலக்கப் பகுதியும் வந்து நிற்கும். மாணவர் பலர் இதைக் கண்டு, நிரலில் பிழை உள்ளதென்று எண்ணுவர். பிழை இல்லை. பொறி எதை வைத்துள்ளதோ அதனை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. 0.625ஐக் கொடுத்தால் எட்டில் ஐந்து என்று அழகாக வரும். ஏனெனில் அது பாதியாக்கலால் கிடைக்கும் பின்னம்.

இரண்டாம் வாயில், 0.1 என்பதை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு எழுத்துத் தொடராகக் கொடுத்தல். அப்போது அது தராசுக்குச் செல்வதில்லை. எழுதியதை எழுதியபடியே படித்து, பத்தில் ஒன்று என்று கொள்கிறது. மூன்றாம் வாயில், தொகுதியையும் பகுதியையும் இரு முழு எண்களாகத் தனித்தனியே கொடுத்தல். 1, 3 என்று கொடுத்தால் மூன்றில் ஒன்று கிடைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒன்றை மூன்றால் வகுக்கச் சொல்லி, அந்த ஈவைப் பின்னமாக்கினால் மூன்றில் ஒன்று வாராது. 6004799503160661க்குக் கீழ் 18014398509481984 என்று வரும். வகுத்தல் முதலில் நடந்துவிடுகிறது. துல்லியம் அப்போதே போய்விடுகிறது. போனதைப் பின்னர்ப் பின்னமாக்கி மீட்க இயலாது.

அவ்வாறாயின், ஏற்கெனவே மிதவைப்புள்ளியாகிவிட்ட எண் நம் கைக்கு வந்தால் என் செய்வது? அதற்கு நான்காம் வாயில் உள்ளது. பகுதி இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று வரம்பிட்டு, அவ்வரம்புக்குள் மிக அருகிலுள்ள பின்னத்தைக் கேட்பது அது. லிமிட் டினாமினேட்டர் என்பது அச்செயலின் பெயர். நாம் வரம்பு கூறாவிடின், அது பத்து இலட்சத்தை வரம்பாகக் கொள்ளும்.

இது எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆரியபட்டரின் எண்ணைக் கொண்டே விளக்கலாம். கி.பி. 499ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபட்டீயத்தில், 20000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62832 என்று கூறப்பட்டுள்ளது. இதன்படி விகிதம் 3.1416. அதனை அவர் ‘ஆசன்னம்’, அதாவது அண்மை மதிப்பு, என்றே குறித்தார். இப்போது 31416ஐ 10000ஆல் வகுங்கள். ஈவு 3, எச்சம் 1416. அடுத்து 10000ஐ 1416ஆல் வகுங்கள். ஈவு 7, எச்சம் 88. 1416ஐ 88ஆல் வகுத்தால் ஈவு 16, எச்சம் 8. 88ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 11, எச்சமில்லை. மீப்பெரு பொது வகுத்தி காண்பதற்குப் பள்ளியில் செய்த அதே மாற்றி மாற்றி வகுத்தல்தான் இது. இந்த 3, 7, 16, 11 என்னும் ஈவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின்னம் அமைத்தால், முதலில் 3, அடுத்து 22/7, அடுத்து 355/113, இறுதியில் 3927/1250 என்று கிடைக்கும். இதற்குத் தொடர் பின்னம் என்று பெயர்.

பள்ளியில் பயின்ற 22/7 இங்கே தானாக வந்து நிற்பதைக் காண்கிறீர்கள். 355/113 என்பது ஐந்தாம் நூற்றாண்டில் சீன நாட்டறிஞர் சூ சோங்ஷி கண்ட மதிப்பு. கணிப்பொறியிடம் 3.1416ஐக் கொடுத்துப் பகுதி 50க்கு மேற்படலாகாது என்றால் 22/7ஐத் தரும். 500க்கு மேற்படலாகாது என்றால் 355/113ஐத் தரும். பத்து இலட்சம் என்றால் 3927/1250ஐத் தரும். இது ஆரியபட்டரின் எண்ணுக்குச் சரிசமமானது.

பத்து இலட்சம் என்னும் வரம்பு ஏன் பெரும்பாலும் பலன் தருகிறது? பகுதி பத்து இலட்சத்துக்கு மேற்படாத இரு வெவ்வேறு பின்னங்களை எடுத்துக்கொண்டால், அவற்றின் இடைவெளி ஓர் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்குக் குறையாது. அன்றாடம் நாம் வழங்கும் சிறிய எண்களில் மிதவைப்புள்ளியின் பிழை இவ்விடைவெளியைவிட மிக மிகச் சிறியது. ஆகவே நாம் கருதிய பின்னம் எளியதாயின், பிழையின் அருகில் அதற்குப் போட்டியாக வேறொரு பின்னம் நிற்க இடமில்லை. 0.1ஐக் கொடுத்து வரம்பிட்டால் பத்தில் ஒன்றே கிடைக்கும்.

எனினும், வரம்பு என்பது கணிப்பொறியின் அறிவன்று. அது நம் தீர்ப்பு. 0.333 என்னும் எண்ணைக் கொடுத்து வரம்பை 100 என்று வைத்தால் மூன்றில் ஒன்று என்னும் விடை வரும். ஒருவர் மூன்றில் ஒன்றைக் கருதி மூன்று இலக்கத்தோடு எழுதி நிறுத்தியிருந்தால் அது சரியான மீட்சி. ஆனால் அது தராசில் நிறுத்த 333 கிராம் என்னும் உண்மையான அளவாக இருந்தால், நாம் செய்தது மீட்சியன்று, திரிபு. பொறி எதை வைத்துள்ளது என்பது ஒரு வினா. எழுதியவர் எதைக் கருதினார் என்பது வேறொரு வினா. லிஸ்ப் மொழியின் பொதுநெறியில் இவ்விரண்டுக்கும் ரேஷனல் என்றும் ரேஷனலைஸ் என்றும் இரு தனிப் பெயர்களே இட்டுள்ளனர். இரு வினாக்களையும் ஒன்றெனக் குழப்பாதிருத்தலே துல்லியத்தின் முதற்படி.

பின்னக் கணக்கு இத்துணை நன்றாயின், எல்லாக் கணக்கையும் பின்னத்திலேயே செய்யலாகாதா? செய்யலாம், ஆனால் அதற்குரிய விலையும் உண்டு. ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று பத்தில் ஒன்று வரை கூட்டினால் 7381/2520 வரும். இருபதில் ஒன்று வரை கூட்டினால் 55835135/15519504 வரும். உறுப்புகள் இரு மடங்காயின. பகுதியோ ஆயிரக்கணக்கான மடங்கு வளர்ந்துவிட்டது. இவ்வாறு வளரும் எண்களைச் சுமந்து இலட்சக்கணக்கான கணக்குகளைச் செய்தால் பொறி தளர்ந்துவிடும். மேலும், வானிலை, மின்னோட்டம், பாலத்தின் தாங்குதிறன் போன்றவற்றில் அளவீடே நான்கைந்து இலக்கத்துக்கு மேல் துல்லியமாக இராது. அங்கே மிதவைப்புள்ளி எண்ணே தக்க கருவி.

பணக் கணக்கோ வேறு. இங்கே ஒவ்வொரு பைசாவுக்கும் உரியவர் ஒருவர் இருக்கிறார். வெளியூரில் ஓர் அறையை மூவர் பங்கிட்டுத் தங்கி, 10000 ரூபாய் வாடகை செலுத்துகின்றனர் என்று கொள்வோம். தலைக்கு 3333 ரூபாய் 33 பைசா என்று எழுதினால் கூட்டுத்தொகை 9999 ரூபாய் 99 பைசா. ஒரு பைசா குறைகிறது. 10000/3 என்று பின்னமாகவே வைத்திருந்து, மாதங்கள் பலவற்றைக் கூட்டி, கணக்கைத் தீர்க்கும் நாளில் ஒரே ஒரு முறை முழுமையாக்கினால், மூன்று மாதத்துக்கு ஒருவர் பங்கு சரியாக 10000 ரூபாய். எஞ்சும் பைசாவை எவர் ஏற்பது என்பதை மூவரும் பேசி முடிவு செய்யலாம்; பொறி தானாக முடிவு செய்ய விடலாகாது. பங்கீடு இல்லாத எளிய வரவு செலவுக்கு, ரூபாயைத் தசமத்தில் எழுதாமல், அனைத்தையும் பைசாவாக்கி முழு எண்ணிலேயே வைத்துக்கொள்வது இன்னும் எளிது.

இறுதியாக, நிரல் எழுதும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள். துல்லியம் வேண்டிய இடத்தில், எண்ணை முதலிலேயே எழுத்துத் தொடராகவோ இரு முழு எண்களாகவோ கொடுங்கள். பின்னத்தோடு மிதவைப்புள்ளி எண் ஒன்றைக் கூட்டினால், விடை மிதவைப்புள்ளி எண்ணாகவே மாறிவிடும். ஒரு குடம் பாலில் ஒரு துளி நஞ்சு கலந்ததைப் போன்றது அது. இரு மிதவைப்புள்ளி எண்கள் சமமா என்று நேராகக் கேட்காதீர்கள். அவற்றின் வேறுபாடு ஏற்கத்தக்க சிறுமையுடையதா என்று கேளுங்கள். முழுமையாக்குதலை இடையிடையே செய்யாமல் இறுதியில் ஒரு முறை செய்யுங்கள். வரம்பிட்டுப் பின்னம் காணும்போது, அவ்வரம்பை ஏன் தேர்ந்தீர்கள் என்பதை நிரலின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கணிப்பொறி பொய் சொல்வதில்லை. தன்னிடமுள்ள எடைக்கற்களால் நிறுத்ததைச் சொல்கிறது. அக்கற்களில் ஐந்துக்குரிய கல் இல்லை என்பதை அறிந்து, அதற்கேற்ப வேலை வாங்குவது நம் பொறுப்பு. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தக் கடைசி 4ஐக் கண்டு வியந்தால், அரைக்காலையும் வீசத்தையும் ஒரு பக்கமும், மாவையும் முந்திரியையும் மறுபக்கமும் எழுதிக் காட்டுங்கள். எவை பொறிக்குள் முழுமையாக அடங்கும், எவை அடங்கா என்பதைப் பிள்ளை தானே சொல்லிவிடும்.